ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன கெட்டுவிடும்?

(அவனியாபுரத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியது)



புராணத்தைப் பற்றி நாலு வார்த்தை வேடிக்கையாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்று சற்று ஏமாற்றமாகவே இருக்கும். நாம் பேச வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் இது. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சு. சம்பளம் எவ்வளவு, வேன் வருமா, இங்கிலீஷ் வருமா என்று கேட்கிறார்கள். இவ்வளவும் கேட்டபிறகு, வாய்விட்டுக் கேட்காமல் மனதிற்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அங்கே எந்த எந்த ஜாதிப் பிள்ளைகள் வந்து படிக்கின்றன?" என்பதே அது. வாயால் கேட்பதற்கு வெட்கமாயிருக்கிறதே தவிர, பிள்ளையைச் சேர்ப்பது என்னவோ இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலைப் பார்த்துத்தான்.

இந்த மதுரைச் சீமையில் பள்ளிக்கூடங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு போனாலே போதும், நம் சமூகத்தின் சரித்திரம் முழுவதும் தெரிந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கம் போனால் கள்ளர் சீரமைப்புப் பள்ளி. வேறு பக்கம் போனால் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. ஊருக்குள் மாநகராட்சிப் பள்ளி. புறவழிச்சாலை ஓரத்தில் காசுள்ளவன் பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் பையனின் ஜாதியோ, தகப்பனின் பணமோ, இரண்டில் ஒன்று தெரிந்துபோகும். இந்த அவனியாபுரத்துக் காளைகளுக்காவது வாடிவாசல் ஒன்றுதான் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை!

இப்படித் தனித்தனியாக வைத்ததற்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பிரமலைக் கள்ளர் சமூகத்தைப் பிறவிக் குற்றவாளி என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டுக் கைரேகை எடுத்தான். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அந்தக் கைரேகையை எதிர்த்தவர்களைச் சுட்டுக் கொன்றான். அதே காலத்தில்தான் "திருத்துகிறேன்" என்று அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தான். ஆதிதிராவிடர் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்று ஊரார் கதவைச் சாத்தியபோது, அன்றைய லேபர் இலாகா அவர்களுக்குத் தனிப் பள்ளி வைத்தது. அன்று அது இல்லாவிட்டால் எழுத்தே இல்லை. ஆகவே அந்தப் பள்ளிகளால் நன்மை உண்டாயிற்று என்பது வாஸ்தவம். ஆனால் கால் முறிந்தவனுக்குக் கட்டை கொடுத்தால், கால் கூடினபிறகும் கட்டையோடுதான் நடக்க வேண்டுமா? நூறு வருஷம் ஆகிவிட்டதே!

சரி, ஒன்றாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 1922-இல் சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் ஆரம்பித்தார். தேசிய மனப்பான்மையை வளர்ப்பதற்கு என்று பொதுமக்களிடம் பணம் வாங்கினார், காங்கிரசிலும் வாங்கினார். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத்தான் படித்தார்கள். ஆனால் சாப்பாடு வந்தபோது பார்ப்பனப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப் பந்தி! பாடம் பொது, இலை வேறு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1925-இல் அதுவே தமிழ்நாடு முழுவதற்கும் பெரிய வழக்காயிற்று. இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டதற்கு இவ்வளவு கூச்சலா என்று அன்று பலர் கேட்டார்கள். இரண்டு பையன்களின் விஷயமல்ல அது. மற்ற அத்தனை பையன்களும் தினம் இரண்டு வேளை தாங்கள் கீழானவர்கள் என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். அந்தப் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, மறப்பதும் கிடையாது.

பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி இதே மதுரையில் சிம்மக்கல் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில்தான் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் துவக்கப்பட்டது. அடுத்த வருஷமே கரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், சமைக்கிற அம்மாள் தாழ்த்தப்பட்ட வகுப்பு என்று தெரிந்து, பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. கலெக்டரே நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சேரன்மாதேவிக்கும் இதற்கும் இடையே 98 வருஷம்!

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: "ஒன்றாகப் படித்த பிள்ளைகள் பின்னால் என்ன ஆனார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா?" என்று. எடுத்திருக்கிறார்கள். நாம் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். ஒரு காலேஜ் உபாத்தியாயர் நண்பரை உட்கார வைத்து அந்த ஆராய்ச்சிகளை வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

டில்லியில் 2007-இல், பணக்காரப் பள்ளிகள் ஒரு பகுதி இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு வந்தது. கௌதம் ராவ் என்னும் பொருளாதார ஆசிரியர், ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகளையும், அப்படிப் படிக்காத பணக்காரப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார். அவர் வைத்த சோதனை ஒரு தொடர் ஓட்டப் பந்தயம். ஜெயித்தால் பணம். "கூட ஓட யாரைச் சேர்த்துக்கொள்கிறாய்? வேகமாக ஓடுகிற ஏழைப் பையனையா, மெதுவாக ஓடுகிற உன் இனத்துப் பணக்காரப் பையனையா?" என்று கேட்டார். ஓடி முடித்தபின் அந்தக் கூட்டாளியோடு கொஞ்ச நேரம் பழகவும் வேண்டும். ஏழைகளோடு படிக்காத பையன்களில் பலர், காசு போனாலும் போகட்டும் என்று மெதுவாக ஓடுகிறவனையே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றாகப் படித்த பையன்களிடம் இந்தப் புத்தி வெகுவாகக் குறைந்திருந்தது. வேகமாக ஓடுகிறவனைத்தான் எடுத்தார்கள். தானம் செய்கிற குணமும் இவர்களிடம் அதிகமாயிருந்தது. படிப்பில் என்ன நஷ்டம்? கணக்கிலும் இந்தியிலும் ஒன்றுமில்லை. இங்கிலீஷ் மார்க்கு மட்டும் சிறிது குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாளை ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற நாற்காலியில் உட்காரப்போவது இந்தப் பணக்காரப் பையன்தானே? அன்று அவன் வேகத்தைப் பார்க்கப்போகிறானா, இனத்தைப் பார்க்கப்போகிறானா என்பது நம் பிள்ளையின் சோற்றைப் பற்றிய கேள்வி அல்லவா?

அமெரிக்காவிலும் இந்த வழக்கு உண்டு. அங்கே ஜாதிக்குப் பதில் நிறம். பாஸ்டன் நகரத்தில் 1966 முதல், விருப்பப்பட்டு எழுதிக் கொடுக்கிற கறுப்புப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் புறநகர் வெள்ளைக்காரப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். "நம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று அங்கேயும் பயந்தார்கள். ஆங்கிரிஸ்ட், லாங் என்ற இருவர் 2004-இல் கணக்குப் பார்த்ததில், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் மார்க்குக்கு யாதொரு கெடுதலும் இல்லை. பஸ் ஏறிப் போன பிள்ளைகளோ, இடம் கிடைக்காத பிள்ளைகளைவிட அதிகமாகக் காலேஜுக்குப் போனார்கள். பெரியவர்களான பிறகு அதிகமாகச் சம்பாதித்தார்கள் என்று செட்ரென் என்ற அம்மாள் பின்னால் கண்டுபிடித்திருக்கிறார்.

இன்னொரு ஊரைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ பணக்கார ஊர். அதை அடுத்த கிழக்குப் பாலோ ஆல்டோ ஏழை ஊர். 1986-இல் கோர்ட்டில் ஏற்பட்ட சமரசப்படி, ஏழை ஊர்ப் பிள்ளைகளில் விரும்பினவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பணக்கார ஊர்ப் பள்ளிகளில் இடம் கொடுத்தார்கள். (நம்மவர் இதைத் திருவுளச்சீட்டு என்பார்கள். யாருடைய திருவுளம் என்று நாம் கேட்கவேண்டியதில்லை.) சீட்டில் ஒரு நன்மை உண்டு. எழுதிக் கொடுத்த பெற்றோர் எல்லோரும் ஒரே மாதிரி அக்கறை உள்ளவர்கள். ஆகவே சீட்டு விழுந்த பிள்ளைக்கும் விழாத பிள்ளைக்கும் பின்னால் வந்த வித்தியாசம் பள்ளிக்கூடத்தால் வந்ததே. பீட்டர் பெர்க்மன் என்பவர் வெகுகாலம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கணக்கெடுத்தார். காலேஜுக்குப் போனவர்கள் கூடியிருந்தார்கள்; பெரும்பாலும் இரண்டு வருஷப் படிப்பு. ஆனால் கூடவே போலீசில் கைதானவர்களும் கூடியிருந்தார்கள்! கொலையுமல்ல, கொள்ளையுமல்ல, வண்டி ஓட்டியது சம்பந்தமான வழக்குகளே அதில் முக்கியம். அந்தப் பிள்ளைகள் பணக்கார ஊர் வழியே போகவர இருந்ததுதான் இதற்குக் காரணமாயிருக்கும் என்பது நமது அபிப்பிராயம். பள்ளிக்கூடம் கதவைத் திறந்தது. தெருவும் போலீசும் திறக்கவில்லை.

இதை ஏன் விரிவாகச் சொல்லுகிறோம் என்றால், நம் ஊரிலும் கதவைத் திறந்துவிட்டோம் என்று கைகழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? நன்றாகப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்களே வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். ஒரே பள்ளிதான்; ஆனால் கையில் ஜாதிக்கு ஒரு வர்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருவது தென்மாவட்டங்களில் பழக்கமாயிருக்கிறது. கயிறு என்ன செய்யும் என்று அலட்சியமாகப் பேசாதீர்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு அம்மையார்கள் உத்தரப் பிரதேசத்தில் கிராமத்துப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கிற புதிர் கொடுத்தார்கள். ஜாதியைச் சொல்லாதபோது மேல்ஜாதி, கீழ்ஜாதிப் பையன்கள் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் ஜாதியைச் சொல்லி உட்கார வைத்தவுடன் கீழ்ஜாதிப் பையன்கள் போட்டது குறைந்துபோயிற்று. மூளை அதே மூளை! ஜாதிப் பெயர் காதில் விழுந்ததுதான் வித்தியாசம். அப்படியிருக்க, பெயர்ப்பலகையிலேயே ஜாதியை எழுதிவைத்து அதன் கீழே பிள்ளையை நுழையச் சொல்லுகிறோமே!

நாங்குநேரிக்குப் பிறகு சர்க்கார் நீதிபதி சந்துரு அவர்களைக் கமிட்டியாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயரில் ஜாதி கூடாது, எல்லாப் பள்ளிகளும் ஒரே இலாகாவின் கீழ் வரவேண்டும், கயிறு கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னார். இதில் நமக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி ஏற்பாடு. செலவு ஒரு காசு இல்லை, சட்டசபை கூடவேண்டியதில்லை. நாளைக் காலையில் ஒரு வாத்தியார் மனது வைத்தால் நடக்கும். 2025 ஜூலையில் விடுதிகளுக்குச் சமூக நீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், நல்லது. ஆனால் பள்ளிகளை ஒன்றாக்குவது என்றவுடன் பல பக்கத்திலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பிற்று.

ஏழைத் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நமக்கு உண்டு. வருஷம் இரண்டு லட்சத்துக்குள் வருமானம் இருந்து, ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் விண்ணப்பிக்கலாம். தாழ்த்தப்பட்டவர், பிற்படுத்தப்பட்டவர் முதலியோருக்கு வருமானக் கணக்கும் இல்லை. சிறுபான்மையார் பள்ளிகளுக்கு மட்டும் 2014-இல் சுப்ரீம் கோர்ட் விலக்குக் கொடுத்துவிட்டது. 2025-இல் டில்லிக்கும் சென்னைக்கும் பணத் தகராறு வந்து, சேர்க்கை அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போயிற்று. போகட்டும். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்பு வாசலில், "இனிப் பணம் கட்டு" என்பார்கள். பத்து வருஷம் ஒன்றாக உட்கார்ந்த பையனை, தாடி முளைக்கிற வயதில், காசில்லை என்று வெளியே அனுப்பினால் அவன் மனது என்ன பாடுபடும்? பன்னிரண்டாம் வகுப்பு வரை இந்தச் சலுகையை நீட்டவேண்டும் என்று உங்கள் கவுன்சிலரிடமும் சட்டசபை மெம்பரிடமும் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற நாளில் கேட்டால் காது நன்றாகக் கேட்கும்.

கடைசியாக ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "கள்ளர் பள்ளியையும் ஆதிதிராவிடர் பள்ளியையும் பொதுவில் சேர்த்தால், எங்கள் விடுதியும் நிலமும் வேலையும் பறிபோகாதா?" என்று கேட்கிறார். நியாயமான பயம். ஏமாந்தவனுக்குத்தான் இந்தப் பயம் வரும். உதவிப் பணமும் இட ஒதுக்கீடும் பிள்ளையின் வகுப்புச் சான்றிதழைப் பொறுத்தது. பள்ளிக்கூடத்துப் பலகையைப் பொறுத்ததல்ல. விடுதி, நிலம், வாத்தியார் வேலை ஆகியவைகளைப் பற்றி, இன்னது இன்னது குறையாது என்று முதலில் அரசாணையில் எழுதி வாங்குங்கள். எழுதி வாங்கின மறுநாள், பலகையை இறக்குவதற்கு ஏணியை நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.