நம் வீட்டுப் பெண்கள் துணி எடுக்க எங்கே போவது?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் துறைமுகம், தொழிற்சாலை, வேலைவாய்ப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப்போவது துணியைப் பற்றி. சிரிக்காதீங்க. "மாணவிகளுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்கம்மா" என்று செயலாளர் கேட்டார். பி.காம். பட்டத்தை வாங்கி வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் நான். தண்டையார்பேட்டையில் இருபத்தைந்து வருஷமாக ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பெண்களிடம் "புது டிரஸ் எங்கம்மா எடுத்தே?" என்று கேட்டால், டி.நகர் என்று சொல்லும்போது குரல் உயர்கிறது. வண்ணாரப்பேட்டை என்றால் குரல் இறங்கிப்போகிறது. இந்தக் கூச்சம் நமக்குத் தேவையே இல்லை. ஏனென்றால் நம்ம பக்கம் துணியால் உண்டான பக்கம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தக் கரையில் இடம் பிடித்ததே, இங்கே நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைக்கும் என்றுதான். அந்தத் துணியைக் கப்பலேற்றுவதற்கு முன் வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூரில் காலடிப்பேட்டை இருக்கிறதே, அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய ஊர். காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்றைக்கு அந்தப் பெயரில் மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது. பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில், 1996-இல் மூடப்படும் வரை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நெய்தவர், வெளுத்தவர், மில்லில் ஷிப்டு பார்த்தவர் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குத் துணி விஷயத்தில் என்ன கூச்சம்?

சரி, எங்கே போவது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிடம் நம் எம்.சி. ரோடுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் இந்த ஒரு ரோட்டில் மொத்த வியாபாரமும் உண்டு, சில்லறையும் உண்டு. குர்த்தி, லெக்கின்ஸ், பலாசோ, சுடிதார் செட், நைட்டி, குழந்தைத் துணி என்று இல்லாதது கிடையாது. பெரிய கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிற அதே மாதிரித் துணி, இங்கே மேஜைமேல் மடித்துக் கிடக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் போகாதீங்க. கால் வைக்க இடம் இருக்காது. சாதாரண நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும், உங்களுக்கும் பார்க்க நேரம் இருக்கும். எண்ணூர், கத்திவாக்கம் பெண்கள் பீச் போகும் மின்சார ரயிலில் வந்து வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம். திருவொற்றியூர், விம்கோ நகர் பெண்களுக்கு 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோவும் இருக்கிறது. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பஸ் காசு மிச்சம், ஒரு துப்பட்டாவுக்கு ஆகும்.

இரண்டாவது, கோடவுன் தெருவும் சவுகார்பேட்டையும். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டுப் பக்கம் வந்தால் கோடவுன் தெரு. தைத்துப் போடுகிறவர்களுக்கு இதுதான் இடம். மீட்டர் கணக்கில் துணியும், கட் பீஸும் கிடைக்கும். போகும்போது கணக்குத் தெரிந்துகொண்டு போங்கள். நடுத்தர உடம்புக்கு, 44 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், டாப்புக்கு இரண்டரை மீட்டர், பேன்ட்டுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் போதும். பன்னா குறைந்தால் நீளம் கூட வேண்டும். பன்னாவைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்டு வாங்கி வந்து, "அக்கா, கை தைக்கத் துணி பத்தலையா?" என்று என்னிடம் கேட்கிற பெண்கள் மாதம் பத்துப் பேர். கல்யாணம், வரவேற்பு என்று பாவாடை, லெஹங்கா, லேஸ், வளையல் வேண்டுமானால் மின்ட் தெருப் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

மூன்றாவது, டி.நகர். பீச் ஸ்டேஷனில் ரயில் மாறினால் மாம்பலம்; இறங்கியதும் ரங்கநாதன் தெரு. ஒரே கூரையின் கீழ் குடும்பத்துக்கே எடுத்துவிடலாம் என்பது அதன் வசதி. ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும் என்பது அதன் சிரமம். நான்காவது, எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனம் அது. தீபாவளிச் சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நல்ல கைத்தறிச் சுடிதார் துணி எடுத்துத் தைத்தால் நாலு வருஷம் நிற்கும். மால்களைப் பற்றி நான் சொல்ல வேண்டாம்; உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனிலேயே பார்த்து வாங்குவதும் வந்துவிட்டது. அதில் படத்தை நம்பாதீர்கள், அளவு அட்டவணையைப் படியுங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜ். எழுத்தைப் பார்க்காமல் அங்குலத்தைப் பாருங்கள்.

இவ்வளவு கடை இருக்கிறதே, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

போன வருஷம் எண்ணூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். கடைசி வருஷம் படிக்கிறவள். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. சாயந்திரம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில், முதல் இன்டர்வியூவுக்காக ஒரு சுடிதார் செட் எடுத்திருக்கிறாள். கடையில் போட்டுப் பார்க்க இடம் இல்லை. "சரியா இருக்கும்மா, எடுத்துட்டுப் போ" என்றார்களாம். வீட்டுக்கு வந்து போட்டால் தோளில் பிடிக்கிறது, கை உயர்த்த முடியவில்லை. மறுநாள் கொண்டுபோனால் "பில் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். பில்லே கொடுக்கவில்லை. பத்துப் பேர் பார்க்க, "போட்டுக் கிழிச்சிட்டு வந்து மாத்தித் தரச் சொல்றியா?" என்று ஒரு வார்த்தை வேறு. என்னிடம் பிரித்து விடச் சொன்னாள். உள்ளே துணி கால் அங்குலம்கூட விடவில்லை. ஓவர்லாக் ஓரத்தோடு தைத்து முடித்துவிட்டார்கள். நான் என்ன பிரிப்பது? அக்கக்குளில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனாள். ஆனால் இன்டர்வியூ முழுக்கக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே பேசினேன் என்று சொன்னாள். வேலை கிடைத்ததா இல்லையா என்பதை விடுங்கள். கைவீசிப் பேச வேண்டிய இடத்தில் ஒரு பெண் கையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உழைத்துச் சேர்த்த காசு அதற்குத்தான் பயன்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று அச்சடித்து வைப்பதால் மட்டும் இது மாறிவிடாது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் குறையுள்ள பொருளுக்கு. கிழிசல், சாயம் போவது, தையல் விட்டது, இதெல்லாம் குறை. அளவு சேரவில்லை என்பது குறையில் வராது. கடைக்காரர் மனசு வைத்தால்தான் மாற்றித் தருவார். அதனால்தான் சொல்கிறேன், போட்டுப் பார்க்கிற அறை என்பது ஆடம்பரம் இல்லை. சட்டம் காப்பாற்றாத இடத்தில் நம் பெண்ணின் காசைக் காப்பாற்றுவது அந்த நாலடி அறைதான்.

"எங்க கடையில ரூம் இருக்கு, பொண்ணுங்கதான் பயந்துகிட்டுப் போக மாட்டேங்குறாங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. கேமரா பயம். நியாயமான பயம்தான். பெண் உடை மாற்றுவதைப் படம் எடுப்பது குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில், முதல் முறைக்கே சிறைத் தண்டனை உண்டு. கதவுக்குக் கீழே பெரிய இடைவெளி, உள்ளே தாழ்ப்பாள் இல்லை, கூரை திறந்து கிடக்கிறது என்றால் அந்த அறைக்குள் போகாதீர்கள். போகாததற்குக் காரணத்தையும் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னால்தானே அடுத்தவளுக்காவது தாழ்ப்பாள் போடுவார்?

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணையும் மறக்க வேண்டாம். அவளும் நம்ம பொண்ணுதான். இந்த அரங்கத்திலேயே, லீவு நாளில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற தங்கைகள் இருக்கிறார்கள். காலை பத்து மணியிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே துணியை விரித்து மடிக்கிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன் கேரளா 2018-இல் கொண்டுவந்தது. நிற்கவே முடியாமல் நிற்கிறவள் நமக்கு எப்படிப் பொறுமையாக நாலு சைஸ் எடுத்துக் காட்டுவாள்? அவளுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தால் நமக்கும் நல்லது.

இப்போது என் வேண்டுகோள். நம் சங்கத்தில் ஜவுளி வியாபாரம் செய்யும் அண்ணன்மார்கள் இருக்கிறீர்கள். முகம் பார்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றே மூன்று செய்யுங்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, அதில் ஒரு கண்ணாடி, துணி மாட்ட ஒரு கொக்கி. கேட்காமலே ஒரு பில், அதில் மூன்று நாளைக்குள் சைஸ் மாற்றித் தருவோம் என்று ஒரு வரி. வேலை செய்யும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல். இதனால் வாடகை ஏறாது, வியாபாரம் ஏறும். நம் பெண்கள் கும்பலாக டி.நகருக்கு ரயில் ஏறுவதில் பாதி, அங்கே போட்டுப் பார்க்கலாம் என்பதற்காகத்தான். அந்தப் பணம் நம் ரோட்டிலேயே சுற்றட்டுமே! சங்கமும் இதை ஒரு தீர்மானமாகப் போட்டு வியாபாரிகளிடம் கொண்டுபோகலாம். செயலாளர் குறித்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

பெற்றோராக வந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினாறு, பதினேழு வயசுப் பெண்ணைக் கடைக்கு அழைத்துப் போய், நாமே எடுத்து, நாமே பிடித்திருக்கிறது என்று சொல்லி, நாமே காசு கொடுத்து வந்துவிடுகிறோம். ஒரு தடவை பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கடை வாசலில் நில்லுங்கள். தவறாக எடுத்தாலும் அடுத்த தடவை சரியாக எடுப்பாள். துணி எடுக்கத் தெரிந்தவளுக்கு நாளைக்கு வேறு முடிவு எடுக்கவும் தைரியம் வரும்.

தங்கைகளுக்குக் கடைசியாக என் தொழில் ரகசியம் கொஞ்சம். வாங்கும் முன் துணியைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பாருங்கள். பக்கத்தில் முக்கால் அங்குலமாவது உள்ளே விட்டிருந்தால் பின்னால் பிரித்துக்கொள்ளலாம். கைக்குட்டையை நனைத்து உள் ஓரத்தில் தேயுங்கள்; சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். காட்டன் என்றால் முதல் சலவையில் சுருங்கும், கொஞ்சம் தளர்வாகவே எடுங்கள். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் சும்மா நிற்காதீர்கள். இரண்டு கையையும் தூக்கிப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பாருங்கள். பில் கேளுங்கள். "வண்ணாரப்பேட்டையில எடுத்தேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.