ஆலய ஓர்கனும் சுருதி மாற்றும் பொத்தானும்



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைச் சிற்றாலயத்துக்கு ஒரு கீபோட் வாங்க எண்ணியிருக்கிறோம். பாட்டின் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் அதில் இருக்கும். ஆலயத்தில் வாசிப்பவர் அதை நம்பியிருக்கலாமா என்பதே எனது பேச்சு.

பொத்தானை நான் பழிக்கமாட்டேன். லைப்சிக்கில் பாக் பணியாற்றிய காலத்தில் ஆலய ஓர்கன்கள் மற்ற வாத்தியங்களைவிட ஒரு முழுத்தொனி உயர்ந்திருந்தன. அதனால் ஓர்கனுக்குரிய பகுதியை ஒரு தொனி தாழ்த்தியே எழுதிக் கொடுத்தார்கள். நமது கீர்த்தனைகளிலோ பாட்டெடுப்பவர் பிடித்த சுருதியே சட்டம்; அவருக்குத் தடிமன் என்றால் அன்று எல்லோருக்கும் இறக்கம்தான். வயது ஏற ஏறக் குரலும் இறங்குகிறது. நூறு வயதுச் சங்கத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை!

ஆனால் பொத்தானை மட்டுமே அறிந்தவர் பியானோவின் முன் என்ன செய்வார்? 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். பல கீபோட்களில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலே பொத்தான் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். முதலாம் சரணம் ஒரு சுருதி, இரண்டாம் சரணம் இன்னொன்று. சபை வாயைத் திறந்தபடி நிற்கும்.

விரலால் மாற்றுவது நாம் பயப்படுமளவுக்குக் கடினமல்ல. ஈ பிளாட்டில் மூன்று பிளாட். ஈ மேஜரில் நான்கு ஷார்ப். கூட்டினால் ஏழு. டீ மேஜரில் இரண்டு ஷார்ப், டீ பிளாட்டில் ஐந்து பிளாட், அதுவும் ஏழு. ஆகவே அரைத்தொனி மாற்றுவதற்குத் தாளில் உள்ள சுரங்களை அப்படியே வாசித்து, தொடக்கத்திலுள்ள அடையாளத்தை மட்டும் மனதில் மாற்றினால் போதும். நடுவே வரும் ஷார்ப், பிளாட், நச்சுரல்களில் மட்டும் கவனம் வேண்டும். முழுத்தொனிக்கு இந்த வழி உதவாது. அங்கே கோட்களை ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணால் அறிந்திருக்கவேண்டும். வாரம் ஒரு பாட்டு, மெதுவாக. ஆறு மாதத்தில் பிள்ளைகளின் காது தானே வழி காட்டும்.

திடீரென்று சுருதி மாறும் ஆராதனையில் பொத்தானை அழுத்துங்கள், தவறில்லை. பயிற்சி நேரத்தில் அதைத் தொடவேண்டாம்.

கீபோட்டை வாங்குவோம். ஆனால் மண்டபத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய பியானோவைத் திருத்திச் சுருதி சேர்க்கும் செலவையும் அதே நிதியில் சேர்க்கும்படி செயற்குழுவை வேண்டுகிறேன். பிள்ளைகள் பழகவேண்டியது அதில்தான்.