ஒரு வீட்டின் அன்றாடச் சோறு: காஞ்சியில் மறக்காத சாப்பாடுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் நூல் வடிவம்)



காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில் மூத்த பெண்மணி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்: அரக்கு உடல், பச்சைக் கரை, தலைப்பில் அன்னப்பட்சி. அதே கல்யாணத்தில் இலையில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்டால் யோசிப்பார். பாயசம் இருந்தது, வடை இருந்தது. மற்றதெல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் போடுவதுதானே என்பார். ஆனால், புகுந்த வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட்ட ரசம் என்றால் பேச்சு நீளும். தன் அம்மா வைக்கிற ரசத்தில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்கவே சில மாதங்கள் ஆயின என்பார்.

இருபது வகை வைத்த இலை மறந்துபோகிறது. ஒரு கரண்டி ரசம் தங்கிவிடுகிறது. ஏன்?

சமைத்தவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது என்பது இவ்வுரையின் வாதம். மறக்க முடியாத சாப்பாடு பெரும்பாலும் கொடுத்தவர் வீட்டில் அன்றாடச் சாப்பாடு. வந்து உட்கார்ந்தவருக்கு மட்டுமே அது புதிது. இதற்குச் சான்று தேடிக் காஞ்சியை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பாணன் போன வழி

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 500 அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், பசித்து வாடிய இன்னொரு பாணனுக்குக் காஞ்சிக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. மைல்கல் இல்லாத காலத்தில் அவன் வழியை எதைக் கொண்டு சொல்கிறான்? எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதைக் கொண்டு.

பாலை நிலத்து எயினர் குடியிருப்பில் எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைப் பெண்கள் மண்ணைக் கிளறி எடுத்து, நிலத்தில் பதித்த உரலில் குற்றி, உவர்நீரில் உலையேற்றி, உப்புக்கண்டத்தோடு தருவார்கள். அரண் காக்கும் வேட்டுவர் வீடுகளில் சிவப்பரிசிச் சோறும் நாய் பிடித்து வந்த உடும்பின் கறியும். இடையர் வீட்டில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்து உழவரிடம் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். வயல் சூழ்ந்த ஊரில் வெண்ணெல் சோற்றோடு வீட்டில் வளர்ந்த கோழி. அந்தணர் வீட்டில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், கூடவே மாவடு.

இந்த வீடுகளில் எதிலும் விருந்தாளிக்கென்று தனியாக உலை வைத்ததாகத் தெரியவில்லை. வேட்டுவர் வேட்டுவச் சோற்றைப் போட்டார்கள், இடையர் இடைச்சோற்றை. அவரவர் நிலம் தருவது அவரவர் இலையில். வழிப்போக்கனுக்கோ ஒவ்வொரு வேளையும் வேறொரு நாடு. கடைசியில் காஞ்சி அரண்மனையில் விரிவான விருந்து கிடைக்கிறது. அங்கும் புலவரின் கண் தங்குவது இளந்திரையன் நிற்கும் இடத்தில்தான். பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொருவரையும் பார்த்து, அரசன் தானே பக்கத்தில் நின்று உண்ணச் செய்கிறான். பொன்னும் வெள்ளியும் குவிந்த அரண்மனையிலும் ஒரு வீட்டுச் சாப்பாட்டின் சாயலைக் கொண்டுவந்துவிட்டார் உருத்திரங்கண்ணனார்.

பாத்திரத்தில் விழுந்த முதல் சோறு

அடுத்த சான்றும் காஞ்சியில் வந்து முடிவதுதான். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், மழை பொய்த்துப் பஞ்சத்தில் தவித்த காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்; ஊர் திரண்டு உண்கிறது. அது மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து கைக்கு வந்ததும் தானாகச் சோறு சுரந்துவிடவில்லை என்பதை அவசரமாகப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. புகாரில் ஆதிரை என்ற இல்லத்தரசி தன் வீட்டுச் சோற்றை அதில் முதலில் இட வேண்டியிருந்தது. பிறகுதான் அது சுரந்தது. யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்திய காயசண்டிகையின் வயிறு ஆறியது, புகாரின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று, கடைசியில் காஞ்சியின் பஞ்சமும் தணிந்தது.

தெய்வம் தந்த பாத்திரத்துக்கே ஒரு வீட்டு அடுப்பின் தொடக்கம் தேவைப்பட்டது என்று சாத்தனார் கதை கட்டியிருக்கிறார். பாத்திரத்தின் மகிமையை மட்டும் பேசிவிட்டு ஆதிரையின் அடுப்பை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

இராமானுசர் உண்ணாத உணவு

காஞ்சியில் மிக அதிகம் பேசப்பட்ட சாப்பாடு எது என்று கேட்டால், வைணவ மரபு அறிந்தவர்கள் தயங்காமல் ஒன்றைச் சொல்வார்கள். பேசப்பட்டதற்குக் காரணம், அதற்கு ஏற்பாடு செய்தவருக்கு அது கிடைக்காமல் போனது.

திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் வைசிய குலத்தில் பிறந்தவர். வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். பெருமாளே அவரோடு பேசுவார் என்பது நம்பிக்கை. இராமானுசர் அவரைக் குருவாகக் கருதினார். அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்று விரும்பி வீட்டுக்கு அழைத்தார். அன்று நம்பிகளைத் தேடி இராமானுசர் வெளியே போன நேரத்தில் நம்பிகள் வேறு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கோயில் தொண்டுக்கு நேரமாகிறது என்றதும் இராமானுசரின் மனைவி இலை போட்டுப் பரிமாறினார். நம்பிகள் உண்டு போனபின், அந்தக் காலத்து ஆசாரப்படி இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, குளித்துவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் இதைக் கண்டு மனம் நொந்தார். அவர் பின்னாளில் இல்லறத்தைத் துறந்ததற்கான காரணங்களில் ஒன்றாகக் குருபரம்பரை நூல்கள் இதைச் சொல்கின்றன.

அந்த அம்மையாரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர் விருந்தினரைப் பட்டினியாக அனுப்பவில்லை; ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய்தார். அந்தக் கற்பிதமே தவறு என்று அதே வீட்டில் ஒருவருக்குப் பட்டது. அன்றைய குழம்பு எப்படி இருந்தது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் பேசுவதில்லை. அந்த இலையில் யார் உட்கார்ந்தார், அவருக்குப் பிறகு யார் உட்கார முடியவில்லை என்பதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறார்கள்.

மந்தாரை இலையும் மூன்று மணி நேரமும்

நம்பிகள் தொண்டு செய்த அதே கோயிலின் மடைப்பள்ளியிலிருந்து வருவது குடலை இட்லி. அரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேரும். மந்தாரை இலை வேய்ந்த நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வேகவிடுவார்கள். வெந்ததும் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். காரத்துக்கு மிளகுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்த மிளகாய்க்கு இந்த மடைப்பள்ளியில் இடமில்லை.

பெருமாளுக்கு இது அன்றாடப் படையல். வெளியூரிலிருந்து வந்தவருக்கோ வருடக்கணக்கில் பேசக் கிடைத்த பண்டம். சென்னையிலும் வெளிநாடுகளிலும் உணவகங்கள் காஞ்சிபுரம் இட்லி என்ற பெயரில் தட்டிலும் டம்ளரிலும் ஊற்றி, முந்திரி தாளித்துத் தருகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுவையாகவே இருக்கும். மந்தாரை இலையின் வாசம் மட்டும் வராது. இழப்பு சிறியது என்று நினைத்தால் உடலியல் வேறு விதமாகச் சொல்கிறது. பார்வையும் ஒலியும் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகவே மூளைப் புறணிக்குப் போகின்றன. மணம் அந்த இடைநிலையத்துக்குக் காத்திராமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளை நேராக எட்டிவிடுகிறது. இலையை மாற்றினால் நினைவின் முகவரியே மாறிப்போகக்கூடும்.

மணத்தோடு பசியும் சேர வேண்டும். 40 ஆண்டுக்கு ஒருமுறை அதே கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரை 1979க்குப் பிறகு 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசிக்க முடிந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாகச் செய்திகள் கூறின. பல மணி நேரம் வரிசையில் நின்றவர்களுக்கு நீர்மோரும் பொட்டலச் சோறும் கிடைத்தன. முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிய டம்ளர் மோருக்கு அந்த வெயிலில் ஈடு ஏது?

தட்டில் விழுந்த அரசாங்கச் சோறு

பொதுச் சமையலறை அந்நியமானது, அதில் நினைவு தங்காது என்று ஒரு வாதம் உண்டு. காமராஜர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் அதைப் பொய்யாக்கின. அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் சாம்பாரின் நீர்த்தன்மையைக் கேலி செய்வார்கள். மறுமூச்சில், கரண்டியோடு நின்ற ஆயாவின் முகத்தையும் குரலையும் வர்ணிப்பார்கள். காஞ்சியில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்த அண்ணா 1967இல் ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். அவர் பிறந்த நாளில், 2022இல், மதுரையில் தொடங்கியது பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் எந்த வீட்டிலும் அதிசயமில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்த குழந்தைக்கு அவை அதிசயம்தான்.

தறி நிற்கும் வேளை

இவ்வளவும் ஏட்டிலும் அரசாணையிலும் இருப்பவை. எழுதப்படாத சாப்பாடுகள் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் இருக்கின்றன. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இருவர் வேண்டும்; ஒருவர் எழுந்தால் மற்றவர் கையும் நின்றுவிடும். ஆகவே கணவன் மனைவி, அப்பா பிள்ளை, நெசவாளர், துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையன் என்று இருவர் ஒரே வேளையில்தான் சாப்பிட உட்கார முடியும். அந்த வேளையில் அங்கே என்ன உண்டார்கள், ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றிய கூழுக்கு யார் வீட்டுத் தூக்கு முதலில் போனது, பாவு முடிந்து கூலி கைக்கு வந்த நாளில் என்ன வாங்கிச் சமைத்தார்கள்? சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தறியை விட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். ஊரின் கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு முதியவரிடமும் மூன்று கேள்விகள் போதும்: வேறொருவர் வீட்டில் சாப்பிட்டு மறக்காமல் இருப்பது எது? அன்று உங்களுக்குப் பரிமாறியவர் யார்? அதே நாளில் அவர் வீட்டார் என்ன சாப்பிட்டார்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் இவ்வுரையின் வாதத்தை உறுதிப்படுத்தலாம், மறுக்கவும் செய்யலாம். எப்படியானாலும் தொகுத்ததை அச்சிட்டு, அடுத்த ஆண்டுச் சொற்பொழிவின்போது இதே அவையில் வைக்கலாம்.