சமநிலை மாறிலி: எது மாறும், எது மாறாது?

(மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரை)



நம்மவருள் பலர் யூரியா மூட்டையைத் தலையில் சுமந்து சென்று பிறர் வயலில் தூவியவர்கள். அவ்வுரத்தின் மூலப்பொருள் அம்மோனியா. அஃது உருவாகும் வினையைக் கணக்கிட வல்லவராக நம் பிள்ளைகள் விளங்க வேண்டும் என்பதே நம் விழைவு. ஆயினும், மேனிலை வகுப்பில் ‘சமநிலை மாறிலி’ என்னும் பாடம் வந்ததும், “இது நமக்கு வராது” என்று ஒதுங்கும் மாணவரைக் காண்கிறோம். எது மாறும், எது மாறாது என்ற குழப்பமே இவ்வச்சத்திற்குப் பெரிதும் காரணம்.

ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் கூடி இரு பங்கு அம்மோனியா ஆகின்றன. மூடிய கலத்தில் அம்மோனியா சிதைந்து மீண்டும் அவ்வாயுக்களாகவும் பிரிகிறது. இரு திசை வேகங்களும் சமமாகும்போது வினை நின்றுவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் இரண்டும் நடந்துகொண்டே இருக்கும். அந்நிலையில், அம்மோனியாவின் பகுதி அழுத்தத்தை வர்க்கமாக்கி மேலே எழுதுவோம். நைட்ரஜனின் பகுதி அழுத்தத்தை, ஹைட்ரஜனின் பகுதி அழுத்தத்தின் கனத்தால் பெருக்கிக் கீழே எழுதுவோம். வகுத்து வரும் எண்ணே சமநிலை மாறிலி. வெப்பநிலை மாறாதவரை அவ்வெண்ணும் மாறாது.

அங்ஙனமாயின், அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா பெருகுவது எவ்வாறு? கலத்தின் கனஅளவைப் பாதியாக்குவோம். பகுதி அழுத்தம் ஒவ்வொன்றும் உடனே இருமடங்காகும். அதனால் மேலுள்ளது 4 மடங்காகும். கீழுள்ளது 16 மடங்காகும். விகிதம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அது மீண்டும் மாறிலியை எட்டும்வரை அம்மோனியா மேலும் உருவாகியே தீரும். எண் மாறாமையாலேயே அளவுகள் மாறுகின்றன.

500 பாகை செல்சியசில், 1 வளிமண்டல அழுத்தத்தில், சமநிலையில் கிடைக்கும் அம்மோனியா சுமார் 0.13 விழுக்காடே. 100 வளிமண்டல அழுத்தத்திலோ அஃது ஏறத்தாழ 10 விழுக்காடு. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் உயர் அழுத்தத்தில் அம்மோனியாவை ஆக்கிக் காட்டினார். கார்ல் பாஷ் அதனைத் தொழில்முறையாக்க, 1913இல் ஓப்பாவில் ஆலை இயங்கலாயிற்று. அதே ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குப் பயிலச் சென்றார்.

வெப்பநிலை ஒன்றே மாறிலியை மாற்றும். இது வெப்பம் உமிழும் வினையாதலின், 400 பாகையிலிருந்து 500 பாகைக்கு உயர்த்தினால் மாறிலி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். எனினும், குறைந்த வெப்பநிலையில் வினை மிக மெதுவாக நிகழ்வதால், ஆலைகள் 400 முதல் 500 பாகை வரையிலான வெப்பநிலையைக் கைக்கொள்கின்றன. இரும்பு வினையூக்கி சமநிலையை விரைவில் எய்துவிக்கும்; மாறிலியை மாற்றாது.

மாணவச் செல்வங்களே, சூத்திரத்தை மனனம் செய்யுமுன், 4, 16 என்னும் அக்கணக்கை ஒருமுறை தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். நம் மாலை வகுப்பு ஆசிரியர்களும் அதனையே முதலில் செய்விக்க வேண்டுகிறோம். வராது என்று ஒதுக்கிய பாடம் அன்றே கைவசமாகும்.