நாம்கா சூவும் தேஜ்பூரும்: 1962 போரில் ஆணைத்தொடர்

போர்க்காலத்தில் அரசின் முடிவு தரைப்படைத் தலைமைத் தளபதியிடமிருந்து மண்டலத் தளபதி, கோர், டிவிஷன், பிரிகேட், பட்டாலியன் எனப் படிப்படியாக இறங்கிக் களத்தில் நிற்கும் சிப்பாயைச் சென்றடையும் வழியே ஆணைத்தொடர் எனப்படும். பல டிவிஷன்களை உள்ளடக்கியது கோர்; பல பிரிகேடுகளை உள்ளடக்கியது டிவிஷன். ஆணை இறங்கும் அதே வழியில் களத்தின் உண்மை நிலையும் மேலேற வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி. 1962 இந்திய-சீனப் போரின்போது, அப்போது நேஃபா எனப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் முதலில் தடைபட்டது இந்த மேலேற்றமே.

தக்லா மலைமுகட்டின் அடியில், நாம்கா சூ ஆற்றங்கரையில் பிரிகேடியர் ஜான் தால்வியின் 7ஆவது பிரிகேட், குளிருக்கேற்ற உடையும் போதிய தோட்டாவும் இன்றி நிறுத்தப்பட்டது. மேட்டில் எதிரியும் பள்ளத்தில் தன் படையும் இருக்கும் நிலையை எந்தத் தளபதியும் விரும்பித் தேர்ந்திருக்க மாட்டார். உணவும் வெடிபொருளும் கொண்டுசேர்க்க வழியில்லை என்று மறுத்துரைத்த 33ஆவது கோர் தளபதி உம்ராவ் சிங்கின் பொறுப்பிலிருந்து அப்பகுதியே விலக்கப்பட்டு, அக்டோபர் 4 அன்று 4ஆவது கோர் என்ற புதிய அமைப்பு பி.எம்.கௌலிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரதமரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த கௌல், தமக்கு மேலிருந்த கிழக்கு மண்டலத் தளபதி எல்.பி.சென்னைத் தாண்டி டெல்லியுடன் நேரடியாகத் தொடர்புகொண்டதும், நோயுற்று டெல்லிக்குத் திரும்பிய பின்னரும் படுக்கையில் இருந்தபடியே படையை நடத்த முயன்றதும் இடைப்படிகளைப் பெயரளவிலானவையாக்கின. அக்டோபர் 20 காலையில் தொடங்கிய சீனத் தாக்குதலில் அந்தப் பிரிகேட் சில மணி நேரத்திற்குள் சிதறியது; இரு நாட்களில் தால்வி சிறைப்பட்டார்.

படிகளைத் தாண்டியதால் விளைந்த கேடு இது என்றால், நவம்பர் 17 மாலையில் 4ஆவது கோர் தலைமையகம் இருந்த தேஜ்பூரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. சுமார் 13,700 அடி உயரமுள்ள சேலா கணவாயைக் காத்துநின்ற பிரிகேடைப் பின்வாங்கச் செய்ய அனுமதிக்குமாறு டிவிஷன் தளபதி ஏ.எஸ்.பதானியா தொலைபேசியில் வேண்டியபோது, கௌல் வாலோங் முனைக்குச் சென்றிருந்தார். தலைமைத் தளபதி பி.என்.தாப்பரும் சென்னும் அதே கோர் தலைமையகத்தில்தான் இருந்தனர். ஆயினும் கோர் தளபதி வரட்டும் என்று முடிவெடுக்காமல் காத்திருந்தனர். மரபு என்று இதற்குப் பெயர் சூட்டலாம். ஆனால் பிறர் படிகளைத் தாண்டியபோது வாளாவிருந்தவர்களுக்கு அந்த மரபு அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிவந்த கௌல் இட்ட ஆணையோ, இயன்றவரை நிலைகொள்க, தாக்குப்பிடிக்க இயலாவிடில் பின்வாங்குக என்ற பொருளில் அமைந்து, முடிவின் சுமையைக் கீழே இறக்கியது. விடிவதற்குள் சேலா கைவிடப்பட்டது.

தோல்வியை ஆராயப் போருக்குப் பின் ஹெண்டர்சன் புரூக்ஸ், பி.எஸ்.பகத் ஆகிய இரு அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். களத்துப் பிரிகேட் முதல் மேல்நோக்கி ஒவ்வொரு படியையும் அவர்கள் ஆராய்ந்தனர். டெல்லியிலிருந்த தரைப்படைத் தலைமையகத்தின் செயல்பாடு மட்டும் அவர்களது விசாரணை வரம்புக்குள் சேர்க்கப்படவில்லை.