எச்சரிக்கை எல்லோருக்கும் சேர்ந்ததா?

ஓசூரில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரை

 

2024 டிசம்பர் மாதத் தொடக்கத்தை நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மறந்துவிடாது. ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்தோம்? டி.வி.யைப் போட்டோம். சொந்தக்காரர்களுக்கு போன் செய்தோம். காது கேளாத ஒருவர் என்ன செய்திருப்பார்? செய்தி வாசிப்பவரின் உதடு அசைவதைப் பார்த்திருப்பார். பார்வையற்றவருக்கோ திரையின் அடியில் ஓடிய எழுத்துக்களால் பயனில்லை. ஒரே வீடு, ஒரே டி.வி... ஆனால் எச்சரிக்கை ஒருவருக்குச் சேர்ந்தது, இன்னொருவருக்குச் சேரவில்லை!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அவர்கள் நம்மிடம் இரக்கத்தைக் கேட்கவில்லை. சட்டம் தந்த உரிமையைக் கேட்கிறார்கள்.

என்ன சட்டம்? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 42-வது பிரிவு, மின்னணு ஊடகங்களில் சைகை மொழி, எழுத்து வரிகள், காட்சியை விளக்கும் குரல் ஆகிய வசதிகள் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், காது கேளாதோருக்காக டி.வி. சேனல்கள் செய்ய வேண்டியதை வரையறுத்து வெளியிட்டது. தூர்தர்ஷன் 1987-லேயே அவர்களுக்கென வாராந்திரச் செய்தியைத் தொடங்கிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் ஓடும் தமிழ்ச் சேனல்களில் இரவு விவாதத்தைச் சைகை மொழியில் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம்!

தொலைபேசிக்கு வருவோம். அதைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் காது கேளாதோருக்குப் பாடம் நடத்தியவர். அவருடைய தாயாருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்த மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. மஞ்சள் பலகைக்குக் கீழே அமர்ந்து, ஊர் முழுவதையும் வெளியூரோடு இணைத்தவர்கள் அவர்கள். செல்போன் வந்தது, பூத் போனது, பிழைப்பும் போனது. அந்தச் செல்போனுக்கு ஒரு சிம் வாங்கப் போனால் கடைக்காரர் என்ன சொல்கிறார்? "கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள்" என்கிறார்!

கண் இமைக்க முடியாதவர் என்ன செய்வார்? ஆசிட் வீச்சில் முகம் சிதைந்த பெண்கள் இந்தக் கேள்வியோடுதான் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒருவருக்கு வங்கிக் கணக்கு தொடங்க முடியவில்லை, இன்னொருவருக்கு சிம் வாங்க முடியவில்லை. பார்வையற்ற ஒருவரும் தனியே வழக்குத் தொடுத்தார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், கைரேகையை ஏற்க வேண்டும், காகித விண்ணப்ப முறையும் தொடர வேண்டும் என்பன உள்ளிட்ட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

தீர்ப்பு டெல்லியில் வந்துவிட்டது. ஆனால் அது ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் செல்போன் கடைக்கு எப்போது வரும்? அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பது நம் தம்பிதான்! நம் ஊர்ப் பக்கத்து ஆலையில் உலகத்துக்கே செல்போன் பாகங்கள் தயாராகின்றன. உள்ளூர்க்காரர் ஒருவர் சிம் இல்லாமல் திரும்பிப் போனால் அது நமக்குக் கேவலம் இல்லையா?

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் அவர்களிடம் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பே தரப்பட்டிருந்தது. ஊரை அழைக்கும் குரல் அவருடையது! இன்று நம் ஜும்ஆ பயானில் காது கேளாத இளைஞன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து எழுந்து போகிறான். சேனல்காரர்களைக் கேள்வி கேட்கும் முன், பயானின் சாரத்தை ஒரு தாளில் எழுதியாவது அவன் கையில் கொடுப்போம்.

வணிகர்களே! மாற்றுத்திறனாளி யாரையும் "துணைக்கு ஆள் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். போனை விற்கும்போதே, திரையைப் படித்துக் காட்டும் வசதியையும், பேச்சை எழுத்தாக்கும் வசதியையும் போட்டுக் காட்டுங்கள். இரண்டும் தமிழிலேயே உண்டு. பார்வையற்றவரிடம் கார்டின் ரகசிய எண்ணைக் கேட்டு நீங்களே அழுத்தாதீர்கள். மெஷினை அவர் கையில் கொடுத்து, எண்கள் இருக்கும் வரிசையைச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! பார்வையற்ற, காது கேளாத தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசு இலவசமாகத் திறன்பேசி தருகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தெருத் தெருவாகப் போய், எந்த மதத்தவர், எந்த மொழிக்காரர் என்று பாராமல், தமிழோ கன்னடமோ தெலுங்கோ உருதோ, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால், காது கேளாதோர் இருக்கும் வீடுகளைக் கணக்கெடுங்கள். எச்சரிக்கை வந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போவது யார் என்று பெயர் எழுதிவிட்டுக் கலையுங்கள்.