கேட்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம்

(மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் நமது பள்ளி இமாம் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளை வாழ்த்துகிறோம். மனனம் செய்தமைக்குப் பரிசு உண்டு. கேள்வி கேட்டமைக்கு எந்த மேடையிலும் பரிசு வழங்கப்படுவதில்லை. மூன்று வயதில் ஓயாமல் ‘ஏன், எப்படி’ என்று கேட்ட பிள்ளை, பத்து வயதில் வாய்மூடி அமர்ந்திருக்கிறது. அதனை அடக்கம் என்று மெச்சுவோரே மிகுதி. கேட்கும் பிள்ளைக்கோ ‘அதிகப்பிரசங்கி’ என்று பட்டம்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் நிகழ்ந்ததைப் பாருங்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு. அது முஸ்லிமுக்கு உவமை. அது எதுவென்று அண்ணலார் தோழர்களிடம் வினவினார்கள். தாமே சொல்லியிருக்கலாம், சொல்லாமல் சிந்திக்க விட்டார்கள். மற்றவர்களின் எண்ணம் காட்டு மரங்களின்பால் சென்றது. அது பேரீச்சை என்பது இளவயதினரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றிற்று. ஆயினும், மூத்தவர்கள் மௌனமாயிருக்கத் தாம் பேச நாணினார்கள். முடிவில் அண்ணலாரே விடை கூறினார்கள். பின்னர் இதனை அறிந்த தந்தை உமர் (ரலி) அவர்கள், பெரியோர்முன் வாய் திறவாதது நன்று என்று மெச்சவில்லை. மகன் சொல்லியிருந்தால் தமக்கு எத்துணை மகிழ்வாய் இருந்திருக்கும் என்றே கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. மிம்பர்களில் உவமை வரை பேசுகிறோம்; தந்தையின் ஏக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

‘சென்ற ஆண்டு நோன்பு தொடங்கிய தேதியில் இவ்வாண்டு ஏன் தொடங்கவில்லை?’ என்று ஒரு பிள்ளை கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘அது அப்படித்தான்’ என்பது பதிலன்று. பிறை தோன்றும் மாலையில் மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நோட்டில் தேதி குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பிறைக்கும் மறுபிறைக்கும் இடையே 29 அல்லது 30 நாட்கள் என்று தானே கண்டுகொள்ளும். பன்னிரண்டு பிறை மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். ஆங்கில ஆண்டுக்கு 365. கழித்துப் பார்க்கப் பிள்ளைக்குத் தெரியும். 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமளான் தொடங்கவிருப்பதை அதுவே கணக்கிட்டுச் சொல்லட்டும். அந்த மகிழ்ச்சியை நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

விடை தெரியாவிடில் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பதில் இழுக்கில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே பல கேள்விகளுக்குத் ‘தெரியாது’ என்றவர்கள்தாம்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஷவ்வால் முதல் நமது மக்தபில் வியாழன்தோறும் கடைசிக் கால்மணி நேரம் பிள்ளைகளின் கேள்விகளுக்கென ஒதுக்கப்படும். மார்க்கக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விடை கிடைக்காதவை பள்ளி வாசலருகே ஒரு பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஜமாஅத்தில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் கைத்தொழில் அறிந்தவர்களும் இருக்கிறீர்கள். தொழுதுவிட்டுச் செல்கையில் அப்பலகையைப் பாருங்கள். அறிந்தவர்கள் அடுத்த வியாழன் பிள்ளைகளிடம் வந்து சொல்லுங்கள்.